சிரிப்பு இரண்டு தவணை

பீல் நகரத்தில் சிரிப்பு இரண்டு தவணையில் வரும்.
மேடையில் பிரெஞ்சு. மேடைக்கு மேலே
கறுப்புத் திரையில் என் விரல் தள்ளிவிடும் ஜெர்மன்.
காதால் கேட்பவருக்கும் கண்ணால் வாசிப்பவருக்கும்
இங்கே இருக்கை பிரித்துக் கொடுப்பதில்லை.
கலந்துதான் இருப்பார்கள்,
சிரிக்கும்போதுதான் பிரிவார்கள்.

'குடை மாறிய மாப்பிள்ளை'.
தொண்ணூறு வருடத்துப் பழைய பாட்டுக் கூத்து.
பத்தொன்பது பாட்டு, ஒரு குடை,
எனக்கு அறுநூற்று நாற்பத்திரண்டு பொத்தான் அழுத்தல்.
வியாழன் தொடங்கி நாலே நாலு இரவு,
பிறகு எல்லாம் பெட்டிக்குள்.

வியாழன் முந்திவிட்டேன்.
அரை நொடிதான்.
மாமனார் கதவைத் திறக்கிறார்,
அர்மான் வுய்யுமியே வாயைத் திறக்குமுன்
பாதிச் சபை சிரித்து முடித்துவிட்டது.
அவர் சொன்ன வசனம்
மூடிய இலைமேல் பரிமாறிய சோறு.

இடைவேளையில் என் கூண்டுக்கு ஏறி வந்தார்,
நெற்றியில் பவுடர், கக்கத்தில் அதே குடை.
'முப்பது வருடமாய் இந்தச் சிரிப்பை
உழைத்துச் சம்பாதிக்கிறேன், மத்மசெல்.
நீங்கள் பொக்கெட் அடிக்கிறீர்கள்.'

வெள்ளி பிந்தினேன்.
வேண்டுமென்றே, ஒன்று இரண்டு என்று எண்ணி.
பிந்தினால் என்ன நடக்குமென்று
யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
பகிடி முடிந்து விளக்கு நீலமாகி
கதாநாயகி செத்த தகப்பனைப் பாட
மூச்சை இழுக்கிறாள்,
அப்போதுதான் ஜெர்மன் பாதி விழுந்து விழுந்து சிரிக்கிறது.
பிரெஞ்சுப் பாதி திரும்பிப் பார்த்த பார்வை
செத்த வீட்டில் போன் அடித்தவனைப் பார்ப்பது.

சனி, ஓசி டிக்கெட்டில் யசோ அண்ணி.
பீலுக்கு வந்து ஏழு மாதம்.
இரண்டு பாஷையும் இன்னும் ஒரே இரைச்சல் அவவுக்கு.
இரண்டு தவணைக்கும் சும்மா இருந்தவ,
நீதவான் முழந்தாளிட்டு அழுத இடத்தில்,
சபை முழுக்கத் தும்மலைக்கூட அடக்கியிருந்தபோது,
தனியாகக் கெக்கட்டமிட்டுச் சிரித்தா.
பஸ்ஸில் கேட்டேன்.
'சப்பாத்துக்கு அடியில விலைச் சீட்டு ஒட்டியிருந்ததெல்லே,
நாற்பது பிராங்க்.'
மூன்று இரவு பார்த்தவள் நான்,
எழுத்தைத் தவிர வேறெதுவும் பார்க்கவில்லை.

ஞாயிறு குடை திறக்கவில்லை.
அழுத்தினார், தட்டினார், தொடையில் அடித்தார்.
பிறகு சபையைப் பார்த்து
எங்கும் எழுதியிராத ஒரு வரி சொன்னார்.
என் விரலுக்கடியில் எழுதிய வரி தயாராயிருந்தது:
'அன்பே, வெளியே மழை.'
அழுத்தவில்லை. திரையை வெறுமையாக விட்டேன்.

பிரெஞ்சுப் பாதி குலுங்கியது.
ஜெர்மன் பாதி அண்ணாந்து பார்த்தது,
பிறகு திரும்பி என் கூண்டை,
பிறகு வேறு வழியில்லாமல்
பக்கத்து இருக்கையை.
ஏழாம் வரிசையில் பச்சைச் சால்வைக்காரி
முன்பின் தெரியாத ஒருவரின் காதில் சொன்னாள்,
அவர் மனைவிக்கு, மனைவி அந்தப் பக்கத்துப் பையனுக்கு.
எங்கேயோ ஒருவர் பிழையாகச் சொல்ல
அதற்கும் சிரித்தார்கள்.
பந்தியில் பாயசவாளி நகர்வதுபோல்
அது வரிசை வரிசையாய்ப் பின்னுக்குப் போனது.
பியானோக்காரி கைகளைத் தூக்கியபடியே இருந்தாள்.
அர்மான் அவசரப்படவில்லை,
பால்கனியின் கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும்வரை
திறக்காத குடையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

ஆனால் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை.
உடுப்பறைக் கூட்டம் குறைந்த பிறகு
ஹெர் ஷ்டுக்கி தொப்பியோடு படியேறி வந்தார்,
நாலு இரவும் டிக்கெட் வாங்கிய மனிதர்.
'எனக்குப் பக்கத்தில் தூண்தான் இருந்தது' என்றார்,
'அந்த ஆள் என்ன சொன்னார்?'

என் நல்ல ஜெர்மனில், முந்தாமல் பிந்தாமல்,
சொன்னேன்:
'இந்தக் குடையும் பீல்காரன்தான்,
இரண்டு பாஷையிலும் கேட்டால்தான் திறப்பான்.'

கொஞ்ச நேரம் யோசித்தார்.
கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார்.
'அவ்வளவுதானா?'

அவ்வளவுதான், என்றேன்.